குஞ்சத் தொங்கட்டான் ஒரு ஜோடி: நூல் அறுந்த இடமும் முகம் திரும்பிய காரணமும்

பாசிமணித் தொங்கட்டான் கெட்டுப்போனால் பழி முதலில் கைக்குத்தான் வரும். இழுத்துத் தைக்கவில்லை, முடிச்சு நிற்கவில்லை என்று சொல்லி, அடுத்த ஜோடியை இன்னும் இறுக்கமாகத் தைப்பார்கள். அதுவும் கெடும். இங்கே பிரித்துப் பார்க்கும் ஜோடியில் தையல் ஒழுங்காகவே இருந்தது. கோளாறுகள் வேறு இடத்தில் இருந்தன. காதில் மாட்டியதும் இரண்டும் எதிரில் நிற்பவருக்கு முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டின. வலது காதுக்கானது இடதைவிடச் சுமார் 2 மி.மீ. நீளமாகத் தொங்கியது. போட்டுப் புழங்கிய பின் ஒரு சரம் அறுந்து மணிகள் சிந்தின. கழுத்தில் உரசும் மணிகளில் பொன் நிறம் போய் வெள்ளை தெரிந்தது. காதுத் துளையில் அரிப்பும் வந்தது. எந்த மணியை அடுத்து எந்த மணி, கொக்கி என்ன உலோகம், நடுவில் எத்தனை வளையம் என்று ஊசி எடுப்பதற்கு முன்பே முடிவான விஷயங்களில்தான் இந்த ஐந்தும் முளைத்தன.

ஜோடியின் அமைப்பு

மேலே தலைகீழ் இல்லாத சிறு முக்கோணம், அதன் அடியிலிருந்து ஒன்பது சரம் கொண்ட குஞ்சம். முக்கோணம் பிரிக் ஸ்டிச். செங்கல் சுவர்போல ஒவ்வொரு மணியும் கீழ் வரிசையின் இரண்டு மணிகளுக்கு நடுவில் உட்காரும் தையல். அடி வரிசையில் 9 மணி, மேலே போகப்போக ஒவ்வொன்றாகக் குறைந்து உச்சியில் 2. ஆக மொத்தம் 44 மணி.

மணி 11/0 அளவு டெலிகா. உருளை வடிவம், குறுக்களவு 1.6 மி.மீ., நீளம் 1.3 மி.மீ., துளை சுமார் 0.8 மி.மீ. ஒரு கிராமில் ஏறக்குறைய 200 மணி இருக்கும். சாதாரண உருண்டைப் பாசியிலும் இதே முக்கோணம் தைக்கலாம். ஆனால் 11/0 உருண்டைப் பாசி 2 மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு கிராமுக்கு 110 அளவில்தான் நிற்கும். அதே எண்ணிக்கையில் தைத்தால் தொங்கட்டான் பெரிதாகி, எடை இரண்டு மடங்கை நெருங்கும். வரிசையும் அலை அலையாக வரும். முக்கோணத்தின் ஓரம் கோடு கிழித்ததுபோல நிற்க வேண்டுமானால் உருளை மணிதான்.

சரங்களில் டெலிகா எண்ணிக்கை ஓரத்திலிருந்து 10, 12, 14, 16, 18, பிறகு அதே கணக்கில் இறக்கம். ஒவ்வொரு சரத்திலும் அவற்றுக்குக் கீழே 6 மி.மீ. குழல்மணி ஒன்று, 3 மி.மீ. உருண்டை மணி ஒன்று, கடைசியில் திரும்பு மணியாக, அதாவது நூல் சுற்றித் திரும்பும் மணியாக, 11/0ஐவிடச் சிறிய 15/0 பாசி ஒன்று. உச்சியில் 6 டெலிகா கோத்த காது வளையம். கொக்கியை விட்டுவிட்டால் ஒரு காதுக்கு எடை ஒன்றரை கிராம் அளவில்தான். குஞ்சத்தின் நுனியில் 3 மி.மீ.க்குப் பதிலாக 6 மி.மீ. கண்ணாடி மணி வைக்க ஆசை வரும். அப்படி ஒவ்வொரு மணியும் கால் கிராமுக்கு மேல். ஒன்பது வைத்தால் நுனிகளில் மட்டும் இரண்டரை கிராம் ஏறிவிடும். அதோடு 1.6 மி.மீ. இடைவெளியில் தொங்கும் சரங்களில் 6 மி.மீ. மணிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடமே இல்லை. ஒன்றையொன்று தள்ளிக் குஞ்சம் விசிறிபோல விரியும்.

நூல் ஃபயர்லைன், 6 பவுண்டு, தடிமன் 0.15 மி.மீ. இது பாலித்திலீன் இழையில் செய்த மீன்பிடி நூல். நீட்சி மிகக் குறைவு. ஊசி 12ஆம் எண் பாசி ஊசி. ஒரு காதுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் போதும். சரங்களுக்கு மட்டும், போகவும் வரவும் சேர்த்து, அரை மீட்டருக்கு மேல் போகும். முக்கோணமும் தொடக்கத்தில் விடும் நூல் வாலும் மீதியை எடுத்துக்கொள்ளும். போதாது என்று மூன்று மீட்டர் எடுத்தால் சிக்கல் விழுவதுதான் மிச்சம்.

தைத்த முறை

அடி வரிசை ஏணித் தையல். இரண்டு மணி கோத்து, முதல் மணிக்குள் மறுபடி கீழிருந்து நுழைந்து இழுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்படியே ஒவ்வொரு மணியாகச் சேர்த்து 9 வரை. வாலில் 25 முதல் 30 செ.மீ. விட வேண்டும், உச்சி வளையத்தை இன்னொரு முறை வலுப்படுத்த அது உதவும். ஏணி முடிந்ததும் ஒரு முறை வளைந்து நெளிந்து திரும்பத் தைத்து வந்தால் வரிசை தொய்யாது.

அடுத்த வரிசையைத் தொடங்கும்போது இரண்டு மணி எடுத்து, கீழ் வரிசையின் இரண்டாம், மூன்றாம் மணிகளுக்கு நடுவில் தெரியும் நூல் பாலத்துக்கு அடியில் ஊசியை விட்டு, இரண்டாம் மணிக்குள் மேலே வர வேண்டும். பிறகு முதல் மணிக்குள் இறங்கி, இரண்டாம் மணிக்குள் மறுபடி ஏறினால் ஓர மணி சாயாமல் பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டைத் தவிர்த்தால் முக்கோணத்தின் இரு ஓரமும் பல்பல்லாக வெளியே தள்ளி நிற்கும். அதன் பிறகு ஒரு மணி, ஒரு பாலம் என்று போகலாம். வரிசைக்கு ஒரு மணி தானாகவே குறையும். எட்டாவது வரிசையில் இரண்டு மணி மிஞ்சும்.

அளவு சரிதானா என்று இங்கேயே பார்த்துவிடலாம்: அடி அகலம் சுமார் 14 மி.மீ., உயரம் 10 மி.மீ.க்குச் சற்று மேல். அகலம் குறைந்து முக்கோணம் குழிந்து வளைந்தால் நூலை அதிகம் இழுத்திருக்கிறது. ஈரத்துணியில் அமுக்கினால் நேராகிவிடும் என்று சொல்வதைக் கேட்கலாம். கண்ணாடிக்கும் பாலித்திலீனுக்கும் ஈரம் எதுவும் செய்யாது. பிரித்துத் தைப்பது ஒன்றே வழி.

உச்சியில் ஒரு மணியிலிருந்து வெளியே வந்து 6 டெலிகா கோத்து, மற்ற உச்சி மணிக்குள் இறங்க வேண்டும். இதே பாதையில் மூன்று முறை. முழு எடையும் இந்த ஒரு வளையத்தில்தான் தொங்குகிறது. பிறகு நூலை முக்கோணத்தின் ஓரமாக இறக்கி, அடி வரிசையின் முதல் மணிக்குக் கீழே வந்தால் குஞ்சம் தொடங்கலாம்: சரத்தைக் கோத்து, கடைசித் திரும்பு மணியைத் தாண்டி, மற்ற எல்லா மணிகளுக்குள்ளும் மேலேறி, அதே அடி மணிக்குள் ஏறி, அடுத்த அடி மணிக்குள் இறங்க வேண்டும்.

குஞ்சத்தில்தான் இறுக்கத்தின் கணக்கு மாறுகிறது. முக்கோணத்தில் நூல் இறுக்கமாக இருக்க வேண்டும். சரத்தில் அதே இறுக்கம் வைத்தால் சரம் ஆடாது, குச்சிபோல விறைத்து நிற்கும். ஒவ்வொரு சரத்தையும் ஏற்றியதும் திரும்பு மணியை விரலால் பிடித்துக்கொண்டு நூலை மேலே இழுத்து, மணிகள் ஒன்றையொன்று தொட்டதும் நிறுத்த வேண்டும். பிறகு முக்கோணத்தைக் கிடையாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். சரம் அடி வரிசையிலேயே மடங்கிக் கீழே விழுந்தால் சரி. வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் திரும்பு மணியை மெல்லக் கீழே இழுத்து ஒரு மயிரிழை தளர்வு தர வேண்டும். தலைமுடி அளவுக்கு மேல் நூல் கண்ணில் பட்டால் தளர்வு அதிகம்.

முடிவில் நூலை முக்கோணத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, நடுவில் இரண்டு அரை முடிச்சுப் போட்டு, மேலும் நான்கைந்து மணி ஓட்டிய பின் ஒட்ட வெட்டினால் போதும். நூல் நுனியை நெருப்பில் சுட்டு உருக்கும் பழக்கம் இந்த நூலுக்கு வேண்டாம். பாலித்திலீன் குறைந்த சூட்டிலேயே இளகும். நுனியோடு பக்கத்து நூலும் போகும்.

பக்கம் திரும்பியது ஏன்

முதல் கோளாறுக்குத் தையலோடு சம்பந்தமே இல்லை. சங்கிலியில் அடுத்தடுத்த இரண்டு கண்ணிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத்தான் நிற்கும். சாதாரண மீன்முள் கொக்கி காதின் முன்பக்கமிருந்து பின்பக்கம் போகிறது. அதன் கீழ்க் கண்ணும் அதே தளத்தில் இருக்கிறது. அதாவது முகத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் அந்தக் கண் வட்டமாகத் தெரியும். தைத்த மணி வளையமோ முக்கோணத்தின் தளத்திலேயே இருக்கிறது. இரண்டையும் நேரடியாகக் கோத்தால் செங்குத்துக் கணக்கு பொருந்தி முக்கோணம் முன்னால் பார்க்கும்.

இந்த ஜோடியில் நடுவில் 4 மி.மீ. ஜம்ப் ரிங், அதாவது வாய் திறந்து மூடும் கம்பி வளையம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. கொக்கிக் கண்ணுக்கு ரிங் செங்குத்து, ரிங்குக்கு மணி வளையம் செங்குத்து. முடிவில் முக்கோணம் கால் வட்டம் திரும்பிவிட்டது. தீர்வு ரிங்கை எடுத்துவிடுவது, அல்லது இன்னொரு ரிங் சேர்ப்பது: பூஜ்யம் அல்லது இரண்டு, ஒன்று மட்டும் கூடாது. எடுத்துவிடுவதே மேல், ஏனென்றால் ரிங்கின் வாய் இடைவெளி இன்னொரு ஆபத்து. சில கொக்கிகளில் கண்ணைக் கால் திருப்பு திருப்பியே விற்கிறார்கள். அவற்றுக்குக் கணக்கு நேர் எதிர். வாங்கியதும் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டால் தொல்லை இல்லை.

கொக்கியின் கண்ணைத் திறக்கும்போது இரண்டு குறட்டால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ள வேண்டும். வட்டத்தை விரித்து இழுத்தால் திரும்ப வட்டம் வராது, கம்பியும் அந்த இடத்தில் சோர்ந்து ஒடியும். மூடும்போது முனைகள் சற்றே ஒன்றையொன்று தாண்டிப் போகும்படி தள்ளி, பின்னால் கொண்டுவந்தால் இடைவெளி இல்லாமல் உட்காரும்.

இரண்டு மி.மீ. எங்கிருந்து வந்தது

இரண்டு காதுக்கும் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் இடதுக்கு எடுத்த பாக்கெட்டும் வலதுக்கு எடுத்த பாக்கெட்டும் வேறு. நடுச் சரத்தில் 18 டெலிகா இருக்கிறது, ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. கூடினால் 1.8 மி.மீ. அந்தப் பத்தில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாது, வரிசையாக நின்றால் தெரியும். ஒரே மணி வகையிலும் பூச்சு மாறினால் அளவு இப்படி நழுவும். கனமான உலோகப் பூச்சு மணியைச் சற்றுப் பெரிதாக்கும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. 20 மணியை ஊசியில் கோத்து அளவுகோலில் வைத்தால் 26 மி.மீ. வர வேண்டும். இரண்டு பாக்கெட்டும் வேறுபட்டால் ஒரு பாக்கெட்டையே இரு காதுக்கும் பயன்படுத்த வேண்டும். ஒரு ஜோடிக்கு வேண்டியது 362 டெலிகா, அதாவது இரண்டு கிராமுக்குள். கோணல், மெலிவு, துளை அடைப்பு என்று கழித்துப் போக 3 கிராம் வைத்துக்கொண்டால் பாக்கெட் மாற்ற வேண்டி வராது. தவிர, இடது காதை முழுதாக முடித்துவிட்டு வலதைத் தொடங்குவது நல்ல வரிசை அல்ல. இரண்டு முக்கோணத்தையும் முதலில் முடித்துவிட்டு, சரங்களை ஜோடி ஜோடியாக, இடதில் ஒன்று வலதில் ஒன்று என்று தைத்துப்போனால் வித்தியாசம் எட்டிப்பார்க்கும்போதே பிடித்துவிடலாம்.

நைலான் நூலில் தைப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் சேரும். நைலான் எடையில் நீளும். தைப்பதற்கு முன் கை நீளம் கை நீளமாக இழுத்து நீட்டிவிட்டு, மெழுகு தேய்த்துக்கொள்ளாவிட்டால், தைத்த அன்று தெரியாத இடைவெளி பிறகு சரத்தின் தலையில் தெரியும்.

சரம் அறுந்த இடம்

அறுந்த சரத்தின் நூல் நடுவில் போகவில்லை. குழல்மணியின் கீழ் விளிம்பில், கத்தியால் வெட்டியதுபோல நின்றது. குழல்மணி நீண்ட கண்ணாடிக் குழாயைத் துண்டு போட்டு வருவது. துண்டு போட்ட முனை வழவழப்பாக இருக்கும் என்று நம்ப முடியாது. மேல் முனையை டெலிகா தொட்டுக்கொண்டிருந்தது. அது நூலை நடுவிலேயே பிடித்து வைத்தது. கீழ் முனையில் நேராக 3 மி.மீ. உருண்டை மணி. அதன் முகம் வளைவு. குஞ்சம் ஆட ஆட, குழல்மணி அந்த வளைவின் மேல் சாய்ந்து, நூலை விளிம்பில் வைத்துத் தேய்த்திருக்கிறது.

மாற்றம் சின்னது: குழல்மணிக்கும் உருண்டை மணிக்கும் நடுவில் ஒரு டெலிகா. ஒன்பது சரத்துக்கு ஒன்பது மணி கூடும், நீளம் 1.3 மி.மீ. கூடும். மேலே சொன்ன 362 என்ற கணக்கு இந்தக் காவல் மணிகளையும் சேர்த்தது. குழல்மணிகளைத் தைப்பதற்கு முன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, முனை உடைந்தவற்றைக் கழிக்கவும் வேண்டும். பாக்கெட்டில் கணிசமான பங்கு கழியும், கஞ்சத்தனம் வேண்டாம். விளிம்பு வெட்டிய படிக மணிகளுக்கும் இதே விதிதான். அவற்றின் துளை வாயும் நூலை அரிக்கும்.

நூலைத் தடிமனாக்கி இதைச் சமாளிக்கலாமே என்று தோன்றலாம். விளிம்பு அப்படியே இருக்கும்வரை தடிமன் கொஞ்சம் நாளைத்தான் கூட்டும். மணிக்குள் இரண்டாம் முறை ஊசி நுழையாமல் மணி உடைவது கூடுதல் தொல்லை. உடைக்கிறோம் என்றால் வேண்டுமென்றே உடைக்கும் இடமும் ஒன்று உண்டு. சரத்தில் ஒரு மணி அதிகம் கோத்துவிட்டால், பிரிக்காமல் எடுக்கலாம்: மணியின் துளைக்குள் தடித்த ஊசி முனையை விட்டு அழுத்தினால் மணி உள்ளிருந்து வெளியே வெடிக்கும். குறட்டால் வெளியிலிருந்து நசுக்கினால் சில்லு உள்ளே பாய்ந்து நூலை வெட்டும். இரண்டிலும் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

நிறம் போனதும் காது அரித்ததும்

பொன் நிறம் போன மணிகள் மேல்பூச்சு மணிகள். கண்ணாடியின் மேல் உலோகப் பூச்சு ஏற்றிய வகை. மேலே காப்புப் படலம் இல்லாவிட்டால் வியர்வையும் வாசனைத் திரவமும் உரசலும் சேர்ந்து அதைக் கிளப்பிவிடும். சாயம் ஏற்றிய மணியில் கதை வேறு: அது வெயிலில் வெளுக்கும். தைக்கும் முன் ஒவ்வொரு நிறத்திலும் சில மணிகளை எடுத்து அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் தேய்க்க வேண்டும். இன்னும் சிலவற்றை ஜன்னல் வெயிலில் பாதி மறைத்து வைக்க வேண்டும். நிறம் இறங்கினால் அதை முக்கோணத்தின் நடுவில் வைக்கலாம், கழுத்தில் படும் நுனிகளில் வைக்கக்கூடாது. கண்ணாடியிலேயே நிறம் கலந்த மணிகளுக்கு இந்தப் பயம் இல்லை.

கொக்கி விஷயம் இதைவிடத் தீவிரம். பித்தளைக் கொக்கியின் மேல் நிக்கல், அதன் மேல் மெல்லிய பொன் முலாம் என்ற அடுக்கு மலிவான கொக்கிகளில் சாதாரணம். முலாம் தேய்ந்ததும் நிக்கல் துளையின் சதையைத் தொடுகிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல் வரும். ஐரோப்பிய ஒன்றியம் காது குத்திய துளைக்குள் போகும் அணிகலனில் வாரத்துக்குச் சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராம் வரைதான் நிக்கல் வெளியேறலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. தோலில் மட்டும் படும் பொருளுக்கு வரம்பு 0.5. துளைக்குள் போவதற்கு எவ்வளவு கடுமை என்பது இதிலிருந்தே தெரியும்.

டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் நனைத்த பஞ்சால் கொக்கியைத் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். சோதனைப் பொட்டலமாகவே கிடைக்கிறது. மாற்றுக்கு நியோபியம் அல்லது டைட்டானியம் கொக்கி. 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அது எளிதில் வெளியேறாததால் பலருக்கு ஒத்துப்போகிறது, கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு உறுதி சொல்ல முடியாது. 92.5 சதவீத வெள்ளியில் மீதி பெரும்பாலும் செம்பு என்பதால் அது பொதுவாகப் பிரச்சினை செய்வதில்லை. அரிக்கும் கொக்கியில் நிறமற்ற நகப்பூச்சு தடவுவது தேயும்வரைதான் காவல். எப்போது தேய்ந்தது என்று தெரியாமலே மறுபடி அரிக்கும்.

கம்பித் தடிமன் 0.7 முதல் 0.8 மி.மீ. போதும். இவ்வளவு லேசான தொங்கட்டான் தலையை ஆட்டினால் கொக்கியோடு துளையிலிருந்து நழுவக்கூடியது. பின்புறம் சிலிக்கோன் அடைப்பான் ஒன்று போட்டுவிட வேண்டும்.

அறுந்த சரத்தை மட்டும் மாற்றுவது

முழுதும் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்பது சரமும் ஒரே நூலில் ஓடுகிறது என்பதால் அறுந்த முனையின் இரு பக்கமும் சரங்கள் மெல்லத் தளரும். முதல் வேலை அந்த முனைகளைக் கட்டுவது. அறுந்த சரத்தில் மிஞ்சிய மணிகளைக் கழற்றினால் இரண்டு நூல் நுனிகள் கிடைக்கும். அவை ஊசியில் ஏற்றும் அளவு நீளமாக இருந்தால் முக்கோணத்துக்குள் ஓட்டிவிடலாம். குட்டையாக இருந்தால் பக்கத்துச் சரம் ஒன்றையும் பிரித்து நீளம் எடுக்க வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற இரண்டைத் தைப்பது தவிர வழியில்லை. அரை மீட்டர் புது நூலை முக்கோணத்தின் நடு வரிசையில் நுழைத்து, இரண்டு அரை முடிச்சோடு ஓட்டி, காலியான அடி மணிக்குக் கீழே கொண்டுவந்து சரத்தைப் புதிதாகத் தைக்கலாம். அடி மணிக்குள் ஏற்கனவே பழைய நூல் சில சுற்று இருக்கும் என்பதால் இங்கே ஊசி திணறும். 12க்குப் பதில் அதைவிட மெல்லிய 13ஆம் எண் ஊசியை எடுப்பது நல்லது. அப்படியும் நுழையாவிட்டால் குறட்டால் பிடித்து இழுக்கக்கூடாது. அடி மணி உடைந்தால் முக்கோணத்தையே பிரிக்க வேண்டிவரும். பக்கத்து அடி மணி வழியாக இறங்கி, சற்றுத் தள்ளித் தொங்கவிடுவதே அந்த நிலையில் செய்யக்கூடியது. குஞ்சம் ஆடும்போது அந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.